படகு ஏறுமுன்

மாற்கு நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய படகுப் பயணம் வருகின்றது. ஊர் ஊராகச் சென்று பணிசெய்து திரும்பிய திருத்தூதர்கள் களைத்திருக்கின்றார்கள். வருவோரும் போவோருமாகச் சனம் நிறைந்திருந்தமையால், ஆறுதலாக இருந்து உண்பதற்குக்கூட அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. அதைக் கண்ட ஆண்டவர், ஆளரவமற்ற ஓரிடத்தில் அவர்களைச் சற்று இளைப்பாறச் செய்யும் நோக்குடன் படகேறுகின்றார். இதற்கு அடுத்ததாக அப்பம் பகிர்ந்த அற்புதம் வந்துவிடுவதால், நம் மறையுரைகளில் இந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆயினும் இதை நின்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். தேடிப்போன தனியிடத்தில் அவர்கள் இறங்கியபோது அங்கே மனிதர்கள் இருந்தார்கள். கரைவழியே ஓடிவந்து முந்திக்கொண்டவர்கள். ஓய்வு கெட்டுவிட்டதே என்று ஆண்டவர் படகைத் திருப்பவில்லை. அவர்களைக் கண்டு மனமிரங்கி, நெடுநேரம் அவர்களோடு இருந்தார்.

விடுமுறைக் காலங்களில் தென்மராட்சி வீடுகளில் நடைபெறும் ஓர் உரையாடலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பகுதி நினைவுக்கு வருகின்றது. ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ மகன் குடும்பத்தோடு வந்திருப்பார். மடு அன்னையின் ஆலயம், உறவினர் வீடுகள், ஒரு திருமணம், தாத்தாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி என்று இரண்டு வாரங்களும் பங்குபோட்டு முடிந்திருக்கும். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நாள். "தீவுப் பக்கம் ஒருக்காப் போட்டு வருவம்" என்று யாராவது சொல்வார்கள். உடனே திட்டம் தயாராகிவிடும். விடியமுன் வாகனம் பிடித்துப் புறப்படுவது. நயினாதீவு, நெடுந்தீவு இரண்டையும் பார்ப்பது. திரும்பும் வழியில் காரைநகர் சென்று கசூரினாக் கடற்கரையில் குளிப்பது. இரவுச் சாப்பாட்டுக்குச் சாவகச்சேரிக்கு வந்துவிடுவது. தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். வீடு திரும்பும்போது பிள்ளைகள் வாகனத்தில் உறங்கிக் கிடப்பார்கள். கைத்தொலைபேசி நிறையப் படங்கள் இருக்கும். தீவில் வாழும் ஒருவருடைய பெயர்கூட எவருக்கும் தெரிந்திராது.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் உங்களோடு பேச விரும்புவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். அதை எவ்வாறு திட்டமிடலாம், எதை விடலாம், யாரை நினைவிற் கொள்ளலாம் என்பவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நெடுந்தொலைவிலுள்ள ஒரு தீவு. ஐரோப்பாவில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் கோடை விடுமுறையைக் கிரேக்கத் தீவுகளில் கழித்துவிட்டு, அங்குள்ள வெள்ளைச் சுவர்களையும் நீலக் கடலையும் பற்றி ஆசையோடு சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தீவுகளுள் பத்மு என்பது கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பெயரளவில் நன்கு அறிமுகமானது. இறைவாக்கை அறிவித்து இயேசுவுக்குச் சான்று பகர்ந்தமைக்காக அங்கே தாம் இருக்க நேர்ந்ததாகத் திருவெளிப்பாடு நூலின் முதல் அதிகாரத்தில் யோவான் குறிப்பிடுகின்றார். உரோமைப் பேரரசன் தொமித்தியனுடைய ஆட்சியின் இறுதிக் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 95 இல், அவர் அங்கு நாடுகடத்தப்பட்டார் என்பது திருச்சபையின் பழைய மரபு. அவர் காட்சி கண்டதாகக் கருதப்படும் குகை, துறைமுகத்துக்கும் மலையுச்சி ஊருக்கும் இடைவழியில் இன்றும் இருக்கின்றது. உச்சியில் கோட்டைபோல நிற்கும் புனித யோவான் மடத்தைக் கிறிஸ்தோதுலோஸ் என்ற துறவி 1088 இல் நிறுவினார். 1999 இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பத்முவில் விமான நிலையம் இல்லை. ஏதென்சின் துறைமுகமான பிரேயுசிலிருந்து பல மணிநேரம் கப்பலில் இருந்தே அங்கு சேரவேண்டும். அதனால்தான் அத்தீவு இன்னும் அமைதியாக இருக்கின்றது என்று பயணிகள் மெச்சிக்கொள்கின்றார்கள். ஆயினும் கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். அவற்றிலிருந்து இறங்குவோர் பேருந்தில் ஏறிக் குகையையும் மடத்தையும் பார்த்து, நினைவுப் பொருள் வாங்கிக்கொண்டு, சில மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நமது ஒருநாள் திட்டத்திலிருந்து இது பெரிதும் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

குருமடத்தில் திருவெளிப்பாட்டைக் கற்ற நாட்களில் என் மனத்தில் ஆழப் பதிந்த ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். அந்நூலின் 21 ஆம் அதிகாரத்தில் புதிய விண்ணும் புதிய மண்ணும் தோன்றும்போது கடல் இல்லாமற் போய்விடுகின்றது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது திகைப்பையே தரும். கடல் இல்லாத விண்ணகம் நமக்கு எதற்கு? பழைய ஏற்பாட்டு வழக்கில் கடல் குழப்பத்தின், தீமையின் அடையாளம் என்று விளக்கவுரைகள் கூறும், அது சரியே. அதனோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணலாம். யோவானின் அன்புக்குரிய சபைகள் எபேசு முதலாகக் கிழக்கே சின்னாசியாப் பெருநிலத்தில் இருந்தன. அவர் தீவில் இருந்தார். அவருக்கும் அவருடைய மக்களுக்கும் நடுவே கிடந்தது கடல். நமக்குக் கண்குளிரும் காட்சியாக இருக்கும் அதே நீர்ப்பரப்பு அந்த முதியவருக்குத் தாண்ட முடியாத மதிலாக இருந்தது. நாம் தேடிச்செல்லும் அமைதி அவர்மேல் சுமத்தப்பட்ட தண்டனை.

இனி நம் கடலுக்கு வருவோம். நெடுந்தீவைப் பத்முவோடு ஒப்பிட்டால் வியப்பாகவே இருக்கும். பத்முவின் பரப்பு ஏறத்தாழ 34 சதுர கிலோமீற்றர். அங்கு வாழ்வோர் சுமார் 3,000 பேர். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். வாழ்வோர் சுமார் 4,000 பேர். அது மலைத்தீவு, இது தட்டைத்தீவு என்பதைத் தவிர, அளவில் இரண்டும் உடன்பிறப்புகள். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க் என்று போகும் அந்தப் பட்டியலில் இன்றுவரை வழக்கில் நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பது மட்டுமே. அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயர் அதைப் பசுக்களின் தீவு என்றார்கள். நம்மவர்களும் பசுத்தீவு என்று அழைத்ததுண்டு. பெயர் வைத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பசுக்கள் இன்னும் மேய்கின்றன.

சாவகச்சேரியிலிருந்து வழி எளிது. கண்டி வீதியால் கைதடி, நாவற்குழிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர். காலை நேரத்துக்குப் பொருந்துமானால் புகையிரதமும் உண்டு. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து குறிகட்டுவான் பேருந்து பண்ணைப் பாலத்தில் ஏறி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, கடல்மேல் போடப்பட்ட நீண்ட வீதியால் புங்குடுதீவுக்குள் புகுந்து, இறங்குதுறையில் கொண்டுபோய்விடும். சொந்த வாகனத்தில் போவோருக்கு அந்தப் பேருந்துப் பயணம் கிடைக்காமற் போவது ஓர் இழப்பு என்றே சொல்வேன். அரிசி மூடை, மருந்துப் பொதி, பள்ளிக்கூடத்து ஆசிரியர், மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பாட்டி என்று தீவின் வாழ்வில் பாதி அந்தப் பேருந்திலேயே ஏறியிருக்கும். வேலணையைத் தாண்டும்போது ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதே தீவின் கரம்பொனில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். அவருடைய தந்தை நெடுந்தீவைச் சேர்ந்தவர். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டுவதற்கு முன்னின்று உழைத்த அந்தக் கத்தோலிக்கக் குருவின் வேர்கள் இந்தக் கடற்பரப்பில்தான் இருக்கின்றன.

குறிகட்டுவானில் இரண்டு வரிசைகள் இருக்கும். ஒன்று நயினாதீவுக்கு. அது சிறிது நேரப் பயணம். படகுகளும் அடிக்கடி உண்டு. மற்றது நெடுந்தீவுக்கு. அதற்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். படகுகளோ சில மட்டுமே. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முனைவோர் எதையும் பார்ப்பதில்லை என்பது என் கணிப்பு. காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பும் ஒழுங்கே பொதுவாக இருப்பதால், ஒருநாட் பயணிகளுக்குத் தீவில் கிடைப்பது மூன்று, நான்கு மணிநேரம். அதிலும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். ஆகவே நேர ஒழுங்கை முதல்நாளே விசாரித்து உறுதிப்படுத்துங்கள். பழுது, காற்று, எரிபொருள் என்று எந்தக் காரணத்தாலும் அது மாறக்கூடும். பெரியவர்கள் தேசிய அடையாள அட்டையையும், வெளிநாட்டிலிருந்து வந்தோர் கடவுச்சீட்டையும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். திருத்தூதர் பணிகள் நூலின் 27 ஆம் அதிகாரத்தைப் பயணத்துக்கு முன் குடும்பமாக வாசியுங்கள். கிரேத்துத் தீவின் துறை ஒன்றில் கப்பல் நின்றபோது, கடற்பயணத்துக்கு உரிய காலம் கடந்துவிட்டது, இனிப் போவது ஆபத்து என்று பவுல் எச்சரிக்கின்றார். நூற்றுவர் தலைவனோ கப்பற்காரருடைய பேச்சையே நம்புகின்றான். அதன்பின் நிகழ்ந்தது உங்களுக்குத் தெரியும். நம் கடலிலும் வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் படகுகள் நிறுத்தப்படுவதுண்டு. சோளகம் வலுக்கும் மாதங்களில் அலை உயர்ந்து, பழக்கமில்லாதவர்களை வாந்தி எடுக்கச் செய்துவிடும். மாசியும் பங்குனியும் கடல் ஆறியிருக்கும் காலம். சித்திரையின் முற்பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். தவக்காலமும் பெரும்பாலும் இந்நாட்களிலேயே வருகின்றது. பாதுகாப்பு அங்கியைத் தந்தால் அணிந்துகொள்ளுங்கள். வெக்கையாக இருக்கின்றது என்று அதை இருக்கையாக மடித்து வைத்துக்கொள்வோரை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். பவுல் அவர்களைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!

தவக்காலத்தில் போவதாயின் கச்சதீவுத் திருவிழாவின் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த இரு நாட்களில் குறிகட்டுவான் முழுவதும் புனித அந்தோனியாரின் பக்தர்களால் நிறைந்திருக்கும். 285 ஏக்கர் பரப்புள்ள, குடியிருப்பும் குடிநீரும் இல்லாத அந்தச் சிறு தீவில், ஆண்டின் மற்ற நாட்களில் நிலவும் நிசப்தம் அப்போது கலைந்துவிடும். யாழ்ப்பாணத்து மக்களும் இராமேசுவரத்து மக்களும் அங்கே ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடும் காட்சியை வாழ்நாளில் ஒருமுறையேனும் காணத்தான் வேண்டும். 2016 இல் எழுப்பப்பட்ட புதிய ஆலயமும் அங்கு உண்டு. ஆனால் அது திருயாத்திரை. அமைதியை நாடிச்செல்லும் குடும்பப் பயணத்தை அதனோடு கலக்கவேண்டாம்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கர வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பார்க்கவேண்டியவற்றின் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பருத்த பெருக்கமரம். அதன் வயிற்றுப் பொந்துக்குள் பிள்ளைகள் புகுந்து நிற்கலாம். முருகைக்கற்களால் கட்டப்பட்டு இடிந்து கிடக்கும் கோட்டை. தூதுப் புறாக்களை வளர்த்த கூடு. தென்புற வெளிகளில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள். கோடை முற்றும்போது நீரின்றி அவை சாவதுமுண்டு. துரத்திச்சென்று படம் எடுப்பது அந்த வாயில்லாச் சீவன்களுக்கு நாம் செய்யும் கொடுமை. தொலைவில் நின்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றே என்னை மிகக் கவர்ந்தது. அது தீவு முழுவதும் ஓடும் கல்வேலிகள். சாந்தோ சீமெந்தோ இன்றி, கல்லின்மேல் கல்லை இசைவாக அடுக்கிய வேலிகள் வளவுகளைப் பிரித்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் செல்லும். பனையோலை வேலிக்குப் பழகிய தென்மராட்சிக் கண்களுக்கு அது புதுமை. கல்லைப் பொறுக்கினால்தான் நிலம் கிடைக்கும். பொறுக்கிய கல்லே வேலியாகும். அந்த வேலிகளுள் பல, இன்று ஆளில்லாத வளவுகளையே காத்து நிற்கின்றன. பிழைப்புத் தேடியும் போரினாலும் தீவைவிட்டுப் போனவர்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். பயணிகள் மெச்சும் அமைதியில் ஒரு பகுதி இவ்வாறு வந்தது.

அமைதி என்ற சொல்லை நாம் கவனமாகப் பயன்படுத்தவேண்டும் என்று நான் எண்ணுவது இதனால்தான். சாவகச்சேரியில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டுச் சண்டைகளின்பின் நம் பட்டினம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை, இடிபாடுகளுக்கு நடுவே திரும்பி வந்து தம் வீட்டு வாசலைத் தேடியவர்கள் அறிவார்கள். அந்த நாட்களில் யாராவது ஒளிப்படக் கருவியோடு வந்து என்ன அழகான நிசப்தம் என்று சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

தீவின் அமைதிக்குள் இருக்கும் இன்னொரு செய்தி படகோடு சேர்ந்தது. குமுதினி என்ற பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நெடுந்தீவாரின் நெடுநாள் வாகனமாக இருந்த அந்தப் படகு 1985 மே 15 ஆம் திகதி காலை குறிகட்டுவானை நோக்கி வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே இதைச் செய்தார்கள் என்று தப்பிப் பிழைத்தோர் சாட்சி சொன்னார்கள். மாவிலித்துறையில் அவர்களுக்கு நினைவுத்தூபி உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடி விளக்கேற்றுகின்றார்கள். நீங்கள் படமெடுத்துக்கொண்டு கடந்துசெல்லும் நீர்வழி அது. இறங்கியதும் அந்தத் தூபியின்முன் இரண்டு நிமிடம் நின்று, இறந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறினால் பயணத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

இன்றும் அந்தக் கடல்தான் தீவின் மதில். தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் நோய் கடுமையானால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே வரவேண்டும். பகலென்றால் படகு வரும்வரை காத்திருக்கவேண்டும். இரவென்றால் படகு ஒழுங்கு செய்யவேண்டும். கடல் கொந்தளித்தால் செபிக்கவேண்டும். பேறுகாலம் நெருங்கும் பெண்கள் நாள் குறித்து முன்னதாகவே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்குவார்கள். பிள்ளையின் உயர் படிப்பு, வங்கி அலுவல், வழக்கு, சீமெந்து, எரிவாயு எல்லாம் அந்த ஒரு மணிநேரக் கடலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். விடுமுறை நாட்களில் நாம் கூட்டமாகப் போய்ப் படகை நிரப்பிவிட்டால், இறங்குதுறையில் நின்றுவிடுபவர் யார் என்பதைச் சிந்தித்திருக்கின்றோமா? நம் வரவால் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நாலு காசு கிடைக்கின்றது என்பது உண்மைதான், அது வேண்டியதும்கூட. ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு முதியவர் நம்மால் அடுத்த படகுக்குக் காத்திருக்க நேர்ந்தால், நாம் கொடுத்த காசு அதற்கு ஈடாகாது. கூட்டம் நெருக்கும் ஞாயிறையும் அரச விடுமுறை நாட்களையும் தவிர்த்து, வாரத்தின் நடுநாளில் போங்கள். வரிசையில் தீவு மக்களை முன்னே விடுங்கள். படகின் உள்ளிருக்கை அவர்களுக்கு இருக்கட்டும். மேற்றளத்துக் காற்று உங்களுக்குப் போதும்.

முடியுமானால் ஓர் இரவு தங்குங்கள். என் ஆலோசனைகளுள் முக்கியமானது இதுவே. இரண்டு தீவுகளுக்குப் பதிலாக ஒன்று. ஒரு பகலுக்குப் பதிலாக ஒரு பகலும் ஓர் இரவும். சிறு தங்குமிடங்கள் சில அங்கு உண்டு. தொலைபேசியில் முன்கூட்டியே பேசி, எத்தனை பேர், இரவுச் சாப்பாடு வேண்டுமா என்பவற்றைச் சொல்லிவிடவேண்டும். முன்னறிவித்தல் இன்றிப் பத்துப் பேர் போய் இறங்கி, மீன்குழம்பு இல்லையா என்று கேட்பது அழகல்ல. அங்கு ஒவ்வொரு பொருளும் கடல் கடந்து வந்தது. திருப்பலி நேரத்தையும் நெடுந்தீவுப் பங்குத்தந்தையிடம் முன்னதாகவே அறிந்துகொள்ளலாம். சிறிய பங்குகளில் வெளியூர்க் குடும்பம் ஒன்று திருப்பலிக்கு வந்து, முடிந்தபின் முற்றத்தில் நின்று பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவது எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைத் தனியாகப் பங்குமனையில் இருக்கும் ஒரு குருவாக நான் உறுதிபடச் சொல்வேன்.

தண்ணீரைப் பற்றியும் மறவாதீர்கள். நல்ல தண்ணீர் அங்கே எல்லாக் கிணற்றிலும் இல்லை. குடிப்பதற்கு வேண்டியதை இயன்றவரை கொண்டுசெல்லுங்கள். தங்குமிடத்தில் குளிக்கும்போது நம் வீட்டுக் கிணற்றை நினைத்து அள்ளி ஊற்றாதீர்கள். வெறும் போத்தல்களைத் தீவில் எறியாமல் பையிலிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். தொப்பி, குடை, வழமையாக எடுக்கும் மருந்துகள், வாந்திக்கு ஒரு தேசிக்காய், இரவுக்கு ஒரு கைவிளக்கு. இவை போதும்.

வெறுங்கையோடும் போகவேண்டாம். தென்மராட்சி பலாவுக்கும் வாழைக்கும் முருங்கைக்கும் பெயர்போன மண். கல் நிறைந்த தீவில் இவை எளிதாக விளைவதில்லை. சாவகச்சேரிச் சந்தையில் ஒரு வாழைக்குலையும் ஒரு கட்டு முருங்கைக்காயும் வாங்கிச்சென்று, நீங்கள் தங்கும் வீட்டுக்கு அரைவாசியும் அயலிலுள்ள முதியவர்களுக்கு மீதியும் கொடுத்துப் பாருங்கள். தருமம் செய்வதாக எண்ணிக்கொண்டு கொடுக்காதீர்கள். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவோமோ அப்படிப் போங்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நம் பக்கம் வந்தபோது, இந்தத் தென்மராட்சியின் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் மாமர நிழல்களும் அவர்களை ஏற்றுக்கொண்டன. முன்னர் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் மறுபடியும் பெயர்ந்து வந்தார்கள். அப்போது விருந்தோம்பிய குடும்பங்கள் பல இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். வந்தவர்களில் சிலர் அடுப்படியில் கூடமாட உதவியதையும், சிலர் தங்கள் அரிசியை நம் பானையில் சேர்த்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நல்ல விருந்தினர் எப்படி இருப்பார் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உங்களுக்கு வேறு நூல் தேவையில்லை.

பிற்பகற் படகு போனபின் இறங்குதுறைக்கு வாருங்கள். பயணிகளின் ஆரவாரம் அந்தப் படகோடு போய்விட்டிருக்கும். வலை செப்பனிடுபவர் ஒருவர் இருப்பார். பசுக்கள் வீதியால் தாமாகவே வீடு திரும்பும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதல் அரைமணி நேரம் சலிப்படைவார்கள். தொலைபேசியைத் தட்டிப் பார்ப்பார்கள். அவர்களை அதட்டாதீர்கள். தாத்தாவைப் பேசவிடுங்கள். நெடுந்தீவுக் குதிரை பார்க்கச் சிறுவயதில் வந்த கதையோ, வராமற்போன கதையோ அவரிடம் இருக்கும். யாராவது ஒரு தீவுக்காரர் நின்று எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பார். சாவகச்சேரி என்றதும், தமது சகோதரியைக் கொடிகாமத்தில் கட்டிக்கொடுத்ததாகவோ, 95 இல் மீசாலையில் மூன்று மாதம் இருந்ததாகவோ சொல்வார். பேச்சு அங்கிருந்து தானாக நகரும். இருட்டியபின் வீட்டு முற்றத்தில் செபமாலை சொல்ல அமர்ந்தால், அந்த வீட்டார் கத்தோலிக்கராயின் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள். சைவர்களாயின் ஒரு பாய் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் விடியற்காலையில் வெளிக்கிடுங்கள். காலைப் படகில் உங்களைப் போன்ற பயணிகள் அதிகம் இருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிளினிக் நாள் என்று துண்டைக் கையில் பிடித்திருக்கும் அம்மா, ஒரு பெட்டி கருவாட்டோடு வியாபாரி, சான்றிதழ்களைக் கோப்பில் வைத்திருக்கும் பெண்பிள்ளை ஆகியோரே இருப்பார்கள். முதல்நாள் மாலை உங்களோடு பேசியவரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். குறிகட்டுவானில் யாழ்ப்பாணப் பேருந்து காத்து நிற்கும். வாகனத்தில் போனவர்களாயின், அதில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால், வைத்தியசாலைக்குப் போகும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.